கையெழுத்துப் போடாத காரணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி முடிந்து பத்திரிகையைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். நாலு இளைஞர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். கோப்பு வைத்திருந்தவர் என்னுடைய நாவல் ஒன்றைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். புகழ்ச்சியோடு வருகிறவர் ஏதாவது ஒரு காரியத்தோடும் வந்திருப்பார் என்று தெரிந்துகொள்ளும் வயது எனக்கு ஆகிவிட்டபடியால், "என்ன விஷயம், தம்பி?" என்று கேட்டேன்.

"ராமேஸ்வரம் மீனவர்களுக்காக ஓர் அறிக்கை, சார். எழுத்தாளர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள்" என்று தாளை நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். இலங்கைக் கடற்படையைக் கண்டிக்கிறது. கச்சத்தீவை மீட்கச் சொல்கிறது. சிறையில் இருப்பவர்களை விடுவிக்கச் சொல்கிறது. நல்ல தமிழ், மேடையில் வாசித்தால் கைதட்டல் விழும். ஒரே பக்கத்தில் 'தொப்புள்கொடி' என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது. 'வலை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

"மீனவர்களைப் பற்றிய அறிக்கையில் வலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதா?" என்றேன்.

"வலையா? அதில் என்ன சார் இருக்கிறது?" என்றார் அவர்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று அவர்களுக்குச் சொன்ன பதில் கோவையாக இல்லை. கோபத்தில் சொன்ன பதில் கோவையாக இருப்பதும் இல்லை. அதற்குள் செய்தி எப்படியோ பரவி, 'தமிழன் செத்தால் உமக்கென்ன?' என்று கேட்டு இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அந்த அறிக்கையில் பாதிக்கு நான் உடன்பட்டவன். மீன் பிடிக்கப் போனவனைச் சுடுவதற்கு உலகத்தில் எந்த அரசாங்கத்துக்கும் உரிமை கிடையாது. எல்லை தாண்டினான் என்றால் பிடிக்கட்டும், நீதிபதி முன்னால் நிறுத்தட்டும், அபராதம் போடட்டும். 1999-இல் 'சைகா' என்ற கப்பலைப் பற்றிய வழக்கில், ஹாம்பர்க்கிலுள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பலப்பிரயோகம் கூடியவரை தவிர்க்கப்பட வேண்டும், தவிர்க்க முடியாதபோதும் தேவைக்கு மேலே ஓர் இம்மியும் போகக் கூடாது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் குண்டு பட்டு இறந்தார். தாங்கள் சுடவில்லை என்று இலங்கைக் கடற்படை சொன்னது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று நெடுந்தீவுக்கு அருகே கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கி 4 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் அகதி முகாமைச் சேர்ந்தவர். எந்த நாட்டுக்குப் பயந்து அந்தச் சனங்கள் கடல் தாண்டி ஓடி வந்தார்களோ, அந்த நாட்டுக் கடற்படையின் எதிரிலேயே அவருடைய முடிவு வந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு. இருவருக்குப் பலத்த காயம். இவற்றையெல்லாம் கண்டிப்பதற்கு என் கையெழுத்து எப்போதும் உண்டு.

2024 ஜூனில் நம் படகு ஒன்றைப் பிடிக்க முயன்றபோது இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவரும் இறந்தார். அவரையும் ஒரு தாய்தான் பெற்றிருப்பாள். இளைஞர்கள் கொண்டுவந்த தாளில் அவருக்கு அரை வரிகூட இல்லை.

கடல் காவலுக்கும் அந்நியப் படகுக்கும் நடக்கிற சண்டை எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலைப் பார்க்கலாம். 2011 டிசம்பரில் தென்கொரியக் கடலோரக் காவல் அதிகாரி ஒருவரைச் சீனப் படகின் தலைவன் குத்திக் கொன்றான். 2016 செப்டம்பரில் காவலர்கள் வீசிய வெடியால் படகு தீப்பற்றிச் சீன மீனவர் மூவர் இறந்தார்கள். அடுத்த மாதமே சீனப் படகுகள் காவல் படகொன்றை இடித்து மூழ்கடித்தன. அதற்கடுத்த மாதம் கொரியர்கள் இயந்திரத் துப்பாக்கியை எடுத்தார்கள். அங்கே தமிழனும் இல்லை, சிங்களவனும் இல்லை. மீன் குறைந்த கடலும், அதை வாரிக்கொண்டு போகப் பெரிய வலையும் இருந்தன. அவ்வளவே போதுமானதாக இருந்தது.

சரி, வலைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் பாம்பனில் ஒரு நாட்டுப்படகுக்காரரோடு ஒரு சாயங்காலம் முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். அறுபது வயதுக்கு மேலே இருக்கும். விசைப்படகுக்காரர்கள் போடும் இழுவை மடியைப் பற்றிக் கேட்டபோது, "கடலை உழுறாங்கய்யா. உழுதா விதைக்கணும்ல? இவங்க விதைக்கிறதுக்கு உழலை" என்றார். இருபது புத்தகங்களில் கிடைக்காத விளக்கம் அது. ஆனாலும் கடற்கரையைச் சுண்டல் தின்னும் இடமாக மட்டுமே அறிந்த நம்மைப் போன்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிக்கிறேன். இழுவை மடி ஒரு பெரிய பை. அதன் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனத்த பலகைகள். அடிக் கயிற்றில் பாரம், சங்கிலி. எஞ்சின் இழுக்க இழுக்க இது கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். இறாலுக்காகப் போட்ட மடியில் இறாலோடு குஞ்சும், முட்டையும், விலைபோகாத பொடிமீனும், கடற்புல்லும், சிப்பியும், நண்டும் சேர்ந்து ஏறும். விற்பது கொஞ்சம், மற்றது கோழித் தீவனத்துக்குப் போகும், அல்லது செத்த பின் கடலுக்கே திரும்பிப் போகும். இந்தப் பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. கடல்பசு மேய்கிற புல்வெளி உள்ள இடம். அதைக் காப்பாற்றுவதற்கென்று 2022-இல் தமிழ்நாட்டு அரசாங்கமே 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. ஒரு கையால் காப்பகம், மறு கையால் சங்கிலி கட்டிய மடிக்கு மானிய டீசல்!

இந்த மடி நம் பாட்டன் சொத்தும் இல்லை. 1952-இல் நார்வேயோடும் ஐக்கிய நாடுகள் சபையோடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கேரளத்தில் நீண்டகரைப் பக்கம் ஏழை மீனவர்களை முன்னேற்ற ஒரு திட்டம் தொடங்கியது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்கு இருந்த விலை தெரிந்ததும், ஏழை பின்னுக்குப் போனான், இறால் முன்னுக்கு வந்தது. அறுபதுகளில் சர்க்கார் கடனும் மானியமும் கொடுத்து இழுவைப் படகை நம் கரை நெடுகப் பரப்பியது. கடலைப் பார்த்தேயிராத மூலதனக்காரர்கள்கூடப் படகு வாங்கினார்கள். இளைஞர்கள் கொண்டுவந்த தாளில் 'பாரம்பரிய மீனவர்' என்று எழுதியிருந்ததே, அந்தப் பாரம்பரியத்தின் வயது என் வயதைவிடக் குறைவு.

முதல் அடி விழுந்ததும் இலங்கைக் கடலில் இல்லை, நம் கடலிலேயேதான். இழுவைப் படகு நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துக்கொண்டு போக, எழுபதுகளில் இரு தரப்புக்கும் கைகலப்பும் கலவரமும் நடந்தன. கடைசியில் ராமேஸ்வரத்தில் ஒரு ஏற்பாடு வந்தது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு. இன்று வரைக்கும் அதுதான் நடைமுறை. 1983-ஆம் வருஷத்துச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மடி போடக் கூடாது என்றது. யோசித்துப் பாருங்கள். பாம்பன் தமிழனைத் தங்கச்சிமடத்துத் தமிழனின் மடியிலிருந்து காப்பாற்ற நமக்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதே மடி ராத்திரியில் எல்லை தாண்டி யாழ்ப்பாணத்தான் வலை மேலே ஏறும்போது மட்டும் எப்படி அது தமிழர் உரிமை ஆகிறது?

மூன்று மைலுக்கும் சர்வதேச எல்லைக்கோட்டுக்கும் நடுவில் நமக்கென்று மிஞ்சுகிற தண்ணீர் மிகக் கொஞ்சம். அத்தனை படகு அதில் இறங்க இடமில்லை; இறங்கினாலும் அங்கே மீன் இல்லை, உழுது தீர்த்தாயிற்று. ஆகவே போகிறார்கள். 'காற்றடித்துத் திசை தவறிப் போய்விட்டார்கள்' என்று நாம் எழுதுகிறோம். வாரத்தில் மூன்று நாள் தவறாமல் திசை தவறுகிற மாலுமிகள் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

அக்கரையில் இருப்பவர் யார்? இந்த ஒரு கேள்வியைத்தான் நம் அறிக்கைகள் கேட்பதில்லை. மன்னார், நெடுந்தீவு, பருத்தித்துறை, முல்லைத்தீவு என்று கரை நெடுகத் தமிழர்கள்தான். 'கடற்றொழிலாளர்' என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். 1983 முதல் 2009 வரை யுத்தம். கடல் அவர்களுக்குப் பூட்டப்பட்டிருந்தது. தடை, பாதுகாப்பு வலயம், இடம்பெயர்வு. அந்த 26 வருஷமும் பூட்டிய கடலில் நம் இழுவைப் படகுகள் போய் வந்தன. சூடுபட்டுச் செத்தவர்களும் அப்போதுதான் மிகுதி, மறைக்கவில்லை. ஆனால் மீன் கிடைத்தது. சொந்தக்காரன் வராத தோட்டத்தில் பறித்துப் பழகிவிட்டது கை.

யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தார்கள். கடன் வாங்கி ஒரு சிறு படகு, கடன் வாங்கி ஒரு வலை. மாலையில் வலையைப் பாய்ச்சிவிட்டு விடியலில் போய்ப் பார்த்தால் வலை இருந்த இடத்தில் அறுந்த கயிறு. மயிலிட்டி என்று ஒரு துறைமுகம். 1990-இல் அந்த ஊர் சனங்கள் துரத்தப்பட்டார்கள். ராணுவம் பிடித்து வைத்திருந்த அந்தத் துறைமுகத்தை 27 வருஷம் கழித்து, 2017-இல் திரும்ப வாங்கினார்கள். முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்த பிள்ளைகள் அப்பாவின் கடலை முதல் முதலாகப் பார்த்தார்கள். இப்போது அதே மயிலிட்டியில் வரிசையாக நிற்பவை எவை தெரியுமா? பிடிபட்ட நம் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள். உப்புக் காற்றில் இற்றுக்கொண்டிருக்கின்றன.

2011 பிப்ரவரியில் பருத்தித்துறைப் பக்கம் நம் 18 படகுகளைச் சுற்றி வளைத்து 112 பேரைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்களே, அவர்கள் கடற்படையினர் அல்லர். அவ்வூர்த் தமிழ் மீனவர்கள். 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவை மடியையே தடை செய்து சட்டம் போட்டது. அதற்கு விதையான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர் எம். ஏ. சுமந்திரன், யாழ்ப்பாணத்துத் தமிழ் உறுப்பினர். இதையும் 'சிங்களச் சட்டம்' என்றுதான் இங்கே மேடையில் சொன்னார்கள்.

இந்தக் கதையில் என்னைத் தூங்க விடாத இடம் ஒன்று உண்டு. எந்தக் கடற்படை ஒரு காலத்தில் தங்கள் படகைச் சுட்டதோ, எந்தச் சீருடையைப் பார்த்தால் தங்கள் பெண்கள் கதவைச் சாத்தினார்களோ, அதே கடற்படையிடம் போய், 'ஐயா, எங்கள் கடலைக் காப்பாற்றுங்கள், அக்கரைத் தமிழன் வருகிறான்' என்று அந்த மனிதர்கள் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாம்தான் அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளினோம். அவர்களுக்காக இங்கே தீக்குளித்தவர்கள் உண்டு. கடையடைத்தோம், உண்டியல் குலுக்கினோம். அத்தனையும் வாஸ்தவம். ஆனால் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, ராத்திரியில் எங்கள் வலையை அறுக்காதீர்கள் என்பது. அதை மட்டும் நாம் கொடுக்கவில்லை.

'பசிக்காகப் போகிறார்கள், அதைக் குற்றம் என்கிறீரா?' என்று கடிதம் எழுதியவர் ஒருவர் கேட்கிறார். போகிறவன் பசிக்காகத்தான் போகிறான். படகில் நாலைந்து பேர். பிடித்ததில் பங்கு வாங்கும் கூலிகள். பெரும்பாலும் படகுச் சொந்தக்காரர் கரையில் இருப்பார். 2024-ஆம் வருஷத்தில் மட்டும் இலங்கைச் சிறைக்குப் போனவர்கள் 500-க்கும் மேல். அவர்களில் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டும். படகுக்காரர்களிலும் கடனில் மூழ்கியவர்கள் இருக்கிறார்கள், ஒரே படகை வைத்து வட்டி கட்டுகிறவர்கள். அவர்களை நான் கொள்ளைக்காரர் வரிசையில் நிறுத்தவில்லை. ஆனால் கூலிக்குப் போன ராமநாதபுரத்துப் பையன் சிறையில் இருப்பதைக் காட்டி, மடி போடும் உரிமையைக் கேட்பது என்ன நியாயம்? அவனுடைய கண்ணீரை முன்னால் விட்டு, பின்னால் இறால் ஏற்றுமதி நடக்கிறது. அந்த இறாலில் கொஞ்சம் நம் வீட்டு வாணலிக்கும் வருகிறது; நானும் தின்றிருக்கிறேன்.

'கச்சத்தீவு?' என்பார்கள். சொல்கிறேன். 1974-இல் அதைக் கொடுத்தபோது அந்தக் கரை மனிதர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வெடுக்கவும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகவும் இருந்த வழக்கத்தை அந்த ஒப்பந்தம் ஒப்புக்கொண்டது. 1976 மார்ச்சில், நெருக்கடி நிலையின் இருட்டில், இரண்டு அதிகாரிகள் மாற்றிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டு மீனவன் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டார்கள். அநியாயம்தான். பாய் விரித்துப் போன பாட்டனுக்குச் செய்த அநியாயம். ஆனால் அந்தப் பாட்டனின் பேரால் இன்று கேட்பவை இழுவைப் படகுகள். 285 ஏக்கர் தீவு அது. குடிநீர்கூட இல்லாத இடம். நாளைக்கே அதைத் திருப்பி வாங்கி நம் கொடியை ஏற்றினாலும், நம் படகுகள் பிடிபடுகிற நெடுந்தீவும் முல்லைத்தீவும் அதற்கு அப்பால்தான் இருக்கும். 2025 ஏப்ரலில்கூடச் சட்டமன்றத்தில் தீவை மீட்கத் தீர்மானம் போட்டார்கள். எல்லாக் கட்சியும் கை தூக்கிய தீர்மானம். எல்லாக் கட்சியும் சேர்ந்து கை தூக்கினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதில் யாருக்கும் செலவில்லை என்று அர்த்தம். மடியை மாற்று என்றால் செலவு, வாக்கு நஷ்டம். தீவைக் கொடு என்றால் கைதட்டல்.

வழி இல்லாமலும் இல்லை. 2004-இலேயே நம் மீனவர் பிரதிநிதிகள் அக்கரைக்குப் போய், இழுவையைப் படிப்படியாக விடுகிறோம் என்று ஒப்புக்கொண்டு வந்தார்கள். 2010 ஆகஸ்டில் சென்னையில் இரு கரையாரும் உட்கார்ந்து பேசி, வருஷத்துக்கு 70 நாள், அதுவும் ஒரே வருஷம், பிறகு நிறுத்தம் என்று முடிவு செய்தார்கள். 2014-இல் கொழும்பில் மறுபடி பேசியபோது நம்மவர்கள் மூன்று வருஷம் கேட்டார்கள். அந்த மூன்று வருஷம் எப்போதோ போய்விட்டது. 2017-இல் மத்திய சர்க்கார் 2000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு படகு 80 லட்சம். பாதி டில்லி தரும், ஐந்தில் ஒரு பங்கு சென்னை தரும், மிச்சம் கடனும் கைப்பணமும். காகிதத்தில் அழகாக இருந்தது. ஒரு நாள் போய் மறுநாள் வீடு திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் நடுக்கடலில் சூரைக்குத் தூண்டில் போடச் சொன்னால், கையில் சில லட்சமும் கடன் தலைமேலும் வைத்து அனுப்பினால், அவன் எப்படிப் போவான்? வந்து சேர்ந்த படகுகள் இலக்கின் மூலையைக்கூட எட்டவில்லை.

ஆழ்கடலுக்குப் போக விரும்புகிறவன் போகட்டும். மற்றவனுடைய மடியையும் படகையும் சர்க்காரே நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். கூலி ஆளுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். அறுபதுகளில் மானியம் கொடுத்து இந்த நோயை வாங்கியது சர்க்கார். மருந்துச் செலவும் அதனுடையதுதான். நாட்டுப்படகும் வழிவலையுமாகப் போகிறவனுக்கு அக்கரையில் இத்தனை நாள் இத்தனை படகு என்று இடம் கேட்டு, அக்கரையாரோடேயே பேசலாம். அவர்கள் அதற்குக் கதவைச் சாத்தியதில்லை. டில்லியும் கொழும்பும் நடுவில் துப்பாக்கியை நீட்டாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. இலங்கையின் பெரிய படகுகள் சூரை தேடி நம் கடலுக்குள் வரும்போது நம் கடலோரக் காவல் படை அவர்களைப் பிடித்து நம் சிறையில் அடைக்கிறது. அவர்களிலும் கூலிகள் உண்டு, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அதற்கு நாம் 'சட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர்களுக்காக ஓர் அறிக்கையும் என் வாசலுக்கு வந்ததில்லை.

அந்த இளைஞர்களிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: "இதில் ஒரு வரி சேருங்கள். 'பாக் விரிகுடாவிலிருந்து இழுவை மடியை அகற்ற வேண்டும். அதில் வேலை செய்கிறவர்களுக்கு முழு நஷ்ட ஈடு தர வேண்டும்.' இந்த ஒரு வரியைச் சேர்த்தால் உங்கள் மற்ற எல்லா வரிக்கும் கீழே என் பெயரை முதலாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள்."

கோப்பு வைத்திருந்தவர் மற்றவர்களைப் பார்த்தார். "கமிட்டியில் கேட்டுச் சொல்கிறோம், சார்" என்றார். இதுவரை எதுவும் சொல்லவில்லை. பேசாமலே இருந்த கடைசிப் பையன் மட்டும் படியிறங்கும்போது திரும்பி வந்து, "மயிலிட்டி எங்கே சார் இருக்கிறது?" என்று கேட்டான். உள்ளே போய் நிலப்படத்தை எடுத்து வந்து காட்டினேன்.